பசிபிக் தீவின் குண்டுவீச்சு விமானக் குழுப் படங்கள்: அடையாளம் காண்பதும் பிரதி வாங்குவதும்

கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளி நிறத்தில் மின்னும் பெரிய விமானத்தின் மூக்குக்குக் கீழே பத்துப் பதினைந்து இளைஞர்கள், பாதிப் பேர் நின்றபடி, பாதிப் பேர் குந்தியபடி. பின்பக்கம் பென்சிலில் "டினியன், 1945" என்று மட்டும். இப்படி ஒன்று உங்கள் கையில் இருக்கலாம், இணையத்தில் கண்ணில் பட்டிருக்கலாம். கட்டுரைக்கோ, மாதிரி விமானம் கட்டுவதற்கோ, காணொளிக்கோ அது வேண்டியிருக்கிறது. இவர்கள் யார், விமானம் எது, தெளிவான பிரதி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கட்டுரை.

மரியானா தீவுகளான சைபன், டினியன், குவாம் மூன்றிலும் 1944 அக்டோபருக்குப் பிறகு வந்து தங்கிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானக் குழுக்களை வைத்தே எழுதுகிறேன். குழு என்று நான் சொல்வது ஒரே விமானத்தில் பறப்பவர்களை; குரூப் என்பது பல விமானங்கள் கொண்ட படைப்பிரிவு. போர்க் கதை இங்கே கிடையாது. இந்த வேலையில் வரிசை முக்கியம்: முதலில் படத்தை நீங்களே படிக்க வேண்டும், அடுத்து இலவசத் தளங்கள், பணம் செலவழிப்பது கடைசியில். பலரும் தலைகீழாகப் போகிறார்கள். "டினியனில் இருந்த விமானிகளின் படம் வேண்டும்" என்று காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால், "எங்கள் தளத்தில் தேடிப் பாருங்கள்" என்பதற்கு மேல் பதில் வராது. அந்த ஒரு வரிக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். குரூப் எண்ணும் விமானத்தின் தொடர் எண்ணும் போட்டு எழுதினால் அதே ஆட்கள் கோப்பு எண்ணோடு பதில் தருவார்கள்.

1. இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள்

அசல் படம் கையில் இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐ அளவில், வண்ண முறையில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் எதற்கு என்று கேட்பீர்கள். பின்பக்கத்து முத்திரை மையின் நிறமும் மங்கிய பென்சில் எழுத்தும் அப்போதுதான் தெரியும். முத்திரையில் வரும் படப்பிரிவு எண், தணிக்கை அனுமதிக் குறி, அச்சிட்ட எண் எல்லாவற்றையும் அப்படியே எழுதிவையுங்கள்.

ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்தால் போதும். பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எதையும் எழுதாதீர்கள், முன்பக்கத்தில் அச்சு விழும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டது அந்தக் காலத்தில் நிறையவே நடந்திருக்கிறது. விமானத்தில் எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்து இல்லையென்றால் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பொத்தான்கள் போட்டிருப்பவரின் வலப்பக்கம் இருக்கும். அது மாறியிருந்தால் "இடமிருந்து வலமாக" என்று வரும் பெயர்ப் பட்டியல் முழுவதும் தலைகீழ்.

2. விமானம் பி-29தானா?

ஒரு நிமிட வேலைதான், ஆனால் இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். பி-29க்கு உயரமான ஒற்றை வால், முட்டை வடிவக் கண்ணாடி மூக்கு. இன்னொரு குண்டுவீச்சு விமானமான பி-24க்கு இரட்டை வால், பருத்த உடல். மரியானாவில் இரண்டும் இருந்தன. 7-வது விமானப்படையின் பி-24 குரூப்களில் 30-வது சைபனிலும், 11-வது குவாமிலும், 494-வது பலாவுத் தீவுக்கூட்டத்தின் அங்கௌரிலும் இருந்தன. உங்கள் படத்தில் இருப்பது பி-24 என்றால் கீழே சொல்லும் வால் குறிகள் பொருந்தாது. 7-வது விமானப்படை என்ற பெயரில் தேடத் தொடங்குங்கள்.

3. வாலைப் படியுங்கள்

குழுப் படத்தில் வால் தெரிவது அபூர்வம். ஆனால் அதே விமானத்தின் வேறு படம் எங்காவது இருக்கும். வால் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1945 வசந்த காலத்துக்குப் பிறகு மரியானாவில் இருந்த ஐந்து விங்குகளின் (பல குரூப்கள் சேர்ந்தது ஒரு விங்) குறிகள் இவை:

58-வது விங், டினியன் வெஸ்ட் ஃபீல்டு: முக்கோணத்துக்குள் எழுத்து. எஸ் என்றால் 40-வது குரூப், என் 444, யூ 462, ஐ 468.

73-வது விங், சைபன் ஐஸ்லி ஃபீல்டு: சட்டம் இல்லாத பெரிய எழுத்து. ஏ 497, டீ 498, வி 499, இசட் 500.

313-வது விங், டினியன் நார்த் ஃபீல்டு: வட்டத்துக்குள் எழுத்து. ஆர் 6, எக்ஸ் 9, ஈ 504, டபிள்யூ 505.

314-வது விங், குவாம் நார்த் ஃபீல்டு: சதுரத்துக்குள் எழுத்து. எம் 19, ஓ 29, பி 39, கே 330.

315-வது விங், குவாம் நார்த்வெஸ்ட் ஃபீல்டு: சாய்சதுரத்துக்குள் எழுத்து. பி 16, எல் 331, ஒய் 501, எச் 502.

பி இரண்டு முறை வருகிறதே என்று குழம்ப வேண்டாம். 39-வது குரூப்புக்கு 'பேப்பர்' என்பதன் முதலெழுத்து, 16-வது குரூப்புக்கு 'பஸ்' என்பதன் முதலெழுத்து.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு எல்லாம் தெரிந்ததாக நினைத்துவிடாதீர்கள். நான்கு பொறிகள் உண்டு.

முதல் பொறி, காலம். இந்தக் குறிகள் போரின் நடுவில் மாறின. 73-வது விங்கில் முதலில் எழுத்து, அதன் கீழே சின்னச் சதுரம், அதன் கீழே எண் என்று அடுக்காக எழுதினார்கள். 313-வது விங்கில் வட்டம் வருவதற்கு முன்பு முக்கோணம் இருந்தது. 6-வது குரூப் அப்போது ஆர் அல்ல, எல். ஆகவே 1945 தொடக்கத்துப் படத்தில் முக்கோணம் இருந்தால் உடனே 58-வது விங் என்று முடிவுகட்டாதீர்கள். 58-வது விங் அந்த நேரத்தில் இன்னும் இந்தியாவில் இருந்தது.

இரண்டாவது, நார்த் ஃபீல்டு. டினியனிலும் ஒரு நார்த் ஃபீல்டு, குவாமிலும் ஒரு நார்த் ஃபீல்டு. படக்குறிப்பில் நார்த் ஃபீல்டு என்று மட்டும் இருந்தால் தீவு தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 509-வது காம்போசிட் குரூப். அணுகுண்டுக்காகவே அமைந்த இந்தக் குரூப்பின் சொந்தக் குறி வட்டத்துக்குள் அம்பு. ஆனால் எதிரியைக் குழப்புவதற்காக மற்ற குரூப்களின் குறிகளை வாலில் வரைந்துகொண்டார்கள். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தின் வாலில் இருந்தது 6-வது குரூப்பின் வட்ட ஆர். நாகசாகியில் குண்டு போட்ட பாக்ஸ்காரின் வாலில் 444-வது குரூப்பின் முக்கோண என். எதிரி குழம்பினானோ இல்லையோ, எண்பது ஆண்டு கழித்துத் தேடுகிற நாம் நன்றாகவே குழம்புகிறோம். குறியைப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்காமல் தொடர் எண்ணையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தொடர் எண் வாலின் கீழ்ப்பகுதியில் சிறிய இலக்கங்களில் இருக்கும். ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். வாலில் 486292 என்று இருந்தால் முழு எண் 44-86292. அது எனோலா கே. 224 என்று தொடங்கினால் 42-24 என்று தொடங்கும் எண். காப்பகத்தில் கோடு போட்ட முழு எண்ணால் தேடுங்கள், கிடைக்காவிட்டால் வாலில் உள்ளபடியும் தேடுங்கள். உடலின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய எண் வேறு. அது குரூப்புக்குள் அந்த விமானத்தின் வரிசை எண். எனோலா கேக்கு 82, பாக்ஸ்காருக்கு 77. ஒரு விமானம் விழுந்தால் அந்த எண்ணை அடுத்து வருவதற்குக் கொடுத்துவிடுவார்கள். அதை மட்டும் நம்பி விமானத்தைத் தீர்மானிக்க முடியாது.

நான்காவது பொறியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்: விமானம் வேறு, குழு வேறு. எந்த விமானத்தின் முன்னால் நிற்கிறார்களோ அதில்தான் அவர்கள் பறந்தார்கள் என்று நினைப்பது இயல்பு. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகிக்கு பாக்ஸ்காரை ஓட்டிச் சென்றது மேஜர் சார்லஸ் ஸ்வீனியின் குழு. எந்தக் கேப்டன் ஃபிரெடரிக் பாக்கின் பெயரால் அந்த விமானம் அழைக்கப்பட்டதோ, அவர் அன்று ஸ்வீனியின் வழக்கமான விமானமான தி கிரேட் ஆர்ட்டிஸ்டில் பறந்தார். இவ்வளவு புகழ்பெற்ற பறப்பிலேயே இப்படி. சாதாரண நாட்களில் பழுது, ஓய்வு, மாற்று விமானம் என்று இது அன்றாடம் நடந்தது. பாக்ஸ்காரின் மூக்கு ஓவியமும் நாகசாகிக்குப் பிறகே வரையப்பட்டது. ஓவியம் தெரியும் படம் அந்தப் பறப்புக்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது.

மூக்குப் பகுதியும் நிறையச் சொல்லும். 39, 330 குரூப்களின் விமானங்களில் அமெரிக்க வரைபடமும் அதில் குத்திய கொடியும், "இன்ன நகரம்" என்ற பெயரும் இருக்கும். கடற்கொள்ளையன் தலை என்றால் 6-வது குரூப். 73-வது விங்கில் பழைய ஓவியங்களுக்குப் பதிலாகப் பந்தும் ஈட்டியும் கொண்ட ஒரே மாதிரிச் சின்னம் பின்னால் வந்தது. வரிசையாகச் சின்னக் குண்டுகள் வரைந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு தாக்குதல் பறப்பு. எண்ணி வையுங்கள், தேதியைக் குறுக்க உதவும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரை வேறு வேறு குரூப்களில் பல விமானங்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

குண்டுகளோடு ஒட்டகங்களும் வரைந்திருந்தால்? அடுத்த படிக்கு வாருங்கள்.

4. தீவா, கன்சாஸா, கரக்பூரா?

ஒட்டகம் என்பது இந்தியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்கு எரிபொருளும் குண்டும் சுமந்துபோன பறப்பின் அடையாளம். 58-வது விங் டினியனுக்கு வருவதற்கு முன்னால் இருந்த இடம் வங்காளத்தின் கரக்பூர் வட்டாரம். சாகுலியா, பியார்டோபா, துத்குண்டி, கரக்பூர் என்று நான்கு தளங்கள். டினியனுக்கு மாறியது 1945 வசந்தத்தில்தான். ஆகவே டினியன் என்று குறிப்பிட்ட 58-வது விங் படங்களில் கணிசமானவை உண்மையில் இந்தியாவில் எடுத்தவையாக இருக்கலாம். பின்னணியில் ஓலைக் கூரை, செம்மண், வேட்டி கட்டிய தொழிலாளர்கள் தெரிகிறார்களா என்று பாருங்கள். இலங்கை வாசகர்களுக்கு ஒரு தகவல்: இதே விங்கின் விமானங்கள் 1944 ஆகஸ்டில் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் புறப்பட்டது திருகோணமலை சீனன்குடாவிலிருந்து. அங்கே எடுத்த படங்களும் பசிபிக் என்ற பெயரில் கலந்து கிடக்கின்றன.

மற்ற நான்கு விங்குகளுக்கு இந்தியச் சிக்கல் இல்லை, கன்சாஸ் சிக்கல் உண்டு. தீவுக்குப் புறப்படும் முன்னால் கன்சாஸ், நெப்ராஸ்கா பயிற்சித் தளங்களில் ஒவ்வொரு குழுவையும் முறைப்படி படமெடுத்தார்கள். குடும்பங்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்தப் படம்தான். கனமான தோல் ஜாக்கெட், சிமென்ட் தரை, பின்னால் பெரிய ஹேங்கர் என்றால் அது தீவு அல்ல. தீவில் எடுத்ததென்றால் தரை நொறுக்கிய பவளப்பாறை, வெயிலில் கண் கூசும் வெள்ளை. ஆட்கள் மெல்லிய காக்கிச் சட்டையில், சிலர் சட்டையே இல்லாமல். அரை உருளை வடிவத் தகரக் குடில்கள். டினியனில் கரும்புக் காடு. டினியன் சாலைகளுக்கு நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருப் பெயர்களையே வைத்தார்கள். பிராட்வே, 42-வது தெரு என்று பலகை தெரிந்தால் படத்தை நியூயார்க்கில் சேர்த்துவிடாதீர்கள். சைபன் என்றால் பின்னணியில் தபோச்சாவ் மலை தெரிய வாய்ப்புண்டு.

பின்னணியில் ஜப்பானியத் தீவான இவோ ஜிமாவின் சுரிபாச்சி மலை தெரிந்தால் அந்தக் குழு அங்கே தங்கியிருந்தது என்று எழுதாதீர்கள். ஜப்பானிலிருந்து திரும்பும்போது எரிபொருள் தீர்ந்தோ அடிபட்டோ அவசரமாக இறங்கியவர்கள் அங்கே கையில் காபிக் குவளையோடு எடுத்துக்கொண்ட படங்கள் ஏராளம்.

இறக்கையின் அடியில் போர்க்கைதிகளுக்கான பொருட்கள் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தால் தேதி சுலபம்: 1945 ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். கைதி முகாம்களுக்கு உணவு போட்ட பறப்புகள் அவை.

5. தலைகளை எண்ணுங்கள்

பி-29இன் முழுக் குழு 11 பேர். விமானத் தளபதி, இணை விமானி, குண்டு எறிபவர், வழிகாட்டுநர், விமானப் பொறியாளர், வானொலி இயக்குநர், ரேடார் இயக்குநர், மேல் பீரங்கிக் கட்டுப்பாட்டாளர், இடம், வலம், வால் என்று மூன்று பீரங்கியாளர்கள். படத்தில் 11 பேர் இருந்தால் நல்ல செய்தி. பத்து என்றால் ஒருவர் உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், அல்லது கேமராவின் பின்னால் இருந்திருக்கலாம். 12, 13 என்றால் கூடுதல் ஆட்கள் உண்டு. ஹிரோஷிமா அன்று எனோலா கேயில் 12 பேர்.

அதற்கும் மேலே போனால் தரைக்குழு கலந்திருக்கிறது. எனோலா கேயின் முன்னால் அதன் விமானி திபெட்ஸ் நடுவில் நிற்க, இருபுறமும் ஆட்கள் நிற்கும் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. "ஹிரோஷிமாவில் குண்டு போட்ட குழு" என்ற பெயரில் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காப்பகத்தின் அசல் குறிப்பைப் பார்த்தால் அவர்கள் விமானத்தைப் பழுதுபார்த்த தரைக்குழு. எண்ணெய்க் கறை படிந்த உடை, கையில் துணி, தொப்பியின் முன்பக்கம் மடிந்திருப்பது, இவை இயந்திர வேலைக்காரர்களின் அடையாளங்கள்.

அதிகாரிகளின் காக்கிச் சட்டையில் பதவிக் குறி வலது காலரில் இருக்கும். இரட்டைப் பட்டை என்றால் கேப்டன். ஒற்றைப் பட்டை லெப்டினென்ட். முதல் லெப்டினென்டா இரண்டாமா என்பது வெள்ளிக்கும் தங்கத்துக்கும் உள்ள வேறுபாடு, கறுப்பு வெள்ளையில் அதைச் சொல்ல முடியாது. சார்ஜென்ட்களுக்குச் சட்டைக் கையில் கோடுகள். அதிகாரிகள் ஒரு வரிசையிலும் மற்றவர்கள் இன்னொரு வரிசையிலும் இருப்பது வழக்கம். எந்த வரிசை எது என்பது படமெடுத்தவர் விருப்பம்.

6. இலவசமாகத் தேடுங்கள்

இப்போது உங்களிடம் விங், குரூப், முடிந்தால் தொடர் எண், உத்தேசத் தேதி இருக்கும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணைக்குப் போங்கள். கணக்கு வேண்டாம், கட்டணம் இல்லை. உங்களுக்கு வேண்டிய தொகுதி 342-எஃப்.எச். விமானப்படை சேர்த்த உலகப்போர்ப் படங்கள் அதில் இருக்கின்றன. அட்டையில் ஒட்டிய படம், தட்டச்சுக் குறிப்பு இரண்டும் பெரும்பாலும் ஸ்கேன் ஆகிவிட்டன. இது தவிர போர்ச் செய்தி அலுவலகத்தின் 208-வது தொகுதியும், இராணுவ விமானப்படையின் 18-வது தொகுதியும் உண்டு.

தேடுசொல்லில் கவனம் வேண்டும். போர் நடக்கும்போது எழுதிய குறிப்புகளில் தீவின் பெயரைச் சொல்லாமல் "மரியானாசில் ஒரு தளம்" என்று மட்டும் எழுதினார்கள். டினியன் என்று தேடினால் அவை வராது. குரூப்பின் பெயர் ஓரிடத்தில் பாம்ப் குரூப், இன்னோரிடத்தில் பம்பார்ட்மென்ட் குரூப். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். குழுவினர் அனைவரின் பெயரும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். "லெப்டினென்ட் இன்னாரின் குழு" என்று தளபதி பெயர் மட்டும் இருப்பதே அதிகம். தளபதி கிடைத்தால் மற்றப் பத்துப் பேரும் அடுத்த படியில் கிடைப்பார்கள்.

கிடைத்ததைப் பெரிய அளவில் பதிவிறக்கி, அட்டவணை எண்ணோடு உங்கள் கணினியில் வையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுட்டியை மட்டும் சேமிக்காதீர்கள். 2025இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் தளங்களில் நீக்குவதற்குக் குறித்த படங்களில் எனோலா கேயும் இருந்ததாகச் செய்தி வந்தது. விமானத்தின் பெயரில் இருக்கும், ஆங்கிலத்தில் தன்பாலின ஈர்ப்பாளரையும் குறிக்கும் "கே" என்ற சொல்தான் காரணமாக இருக்கலாம் என்று அப்போது எழுதினார்கள். உண்மையில் எனோலா கே என்பது திபெட்சின் அம்மா பெயர்.

இதே படங்களைக் காட்டும் சந்தாத் தளங்கள் உண்டு. அவற்றின் தேடல் வசதி நன்றாகவே இருக்கும். இலவச அட்டவணையில் தேடி முடிக்கும் முன்னால் சந்தா கட்ட வேண்டாம். இலவசச் சோதனைக் காலத்தில் வேலையை முடித்துக்கொள்ளலாம், ஆனால் அட்டை எண்ணைக் கொடுத்தவர்கள் நிறுத்தும் தேதியைக் கைப்பேசியில் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பும் இலவசம். ஊர்ப் பையன் பசிபிக்கில் நிற்கிற படத்தைச் சின்ன ஊர்ப் பத்திரிகைகள் ஆசையாகப் போட்டன. அதே நூலகத்தின் முன்னாள் வீரர்கள் வரலாற்றுத் திட்டத்தில் சொந்த ஆல்பங்களே இருக்கின்றன. ஒவ்வொரு குரூப்பின் முன்னாள் வீரர்களும் அவர்கள் பிள்ளைகளும் நடத்தும் தளங்களைக் கடைசியாகச் சொல்கிறேன், மதிப்பில் அவைதான் முதல். குழு வாரியாகப் படமும் பெயரும் அங்கே இருக்கும். ஆனால் அங்குள்ள பெயர்கள் ஐம்பது ஆண்டுக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதியவையாகவும் இருக்கலாம்.

7. பெயர்களைச் சரிபாருங்கள்

தொலைந்துபோன விமானம் என்றால் காணாமற்போன குழுவினர் அறிக்கை இருக்கும். குழுவினரின் முழுப் பெயர், பதவி, இராணுவ எண், கடைசியாகப் பார்த்த இடம் எல்லாம் அதில் வரும். தேசியக் காப்பகத்தின் அட்டவணையிலேயே பார்க்கலாம். கவனிக்க வேண்டியது, தளத்திலேயே மேலெழும்பும்போது நொறுங்கிய விமானங்கள் இதில் வராது. ஆள் காணாமல் போகவில்லையே! அவற்றுக்கு விபத்து அறிக்கை என்று தனியாக உண்டு. அது அலபாமா மாநிலம் மேக்ஸ்வெல் தளத்திலுள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு முகமையில் இருக்கிறது. காணாமற்போனோர் அறிக்கையில் பெற்றோர், மனைவி பெயரும் வீட்டு முகவரியும் சேர்ந்தே இருக்கும். படத்தோடு வெளியிடும்போது அந்தப் பக்கத்தை மறைத்துவிடுங்கள். அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள்.

பத்திரமாகத் திரும்பிய குழு என்றால் அந்த முகமையிலேயே குரூப்பின் மாதாந்திர வரலாற்றுக் கோப்பைக் கேளுங்கள். தீவுக்கு அனுப்பிய உத்தரவுகளில் ஒவ்வொரு குழுவும் முழுப் பட்டியலாக இருக்கும். குரூப் எண், மாதம், ஆண்டு மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் பலர் வந்தால், தேசியக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் இராணுவச் சேர்க்கைப் பதிவுகள் இருக்கின்றன, இலவசம். இராணுவ எண்ணைப் போட்டால் பிறந்த ஆண்டும் மாவட்டமும் வரும்.

செயின்ட் லூயிசிலுள்ள பணியாளர் பதிவு மையத்துக்கு எழுதலாமா என்று கேட்பார்கள். படத்துக்காக என்றால் வேண்டாம். 1973 ஜூலை 12 அன்று அங்கே நடந்த தீ விபத்தில் 1912க்கும் 1960க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட இராணுவத்தினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு எரிந்துபோயின. அன்றைய விமானப்படை இராணுவத்தின் ஒரு பகுதி என்பதால் நம் ஆட்கள் அதில் அடக்கம். எரியாமல் தப்பிய கோப்பிலும் குழுப் படம் இருப்பது மிக அபூர்வம். ஒருவரின் பணி வரலாறே வேண்டும் என்றால் மட்டும் கேளுங்கள். விடுவிக்கப்பட்டு 62 ஆண்டு ஆன கோப்பை உறவினர் அல்லாதவரும் கேட்கலாம். ஐந்து பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர் என்பது நெடுநாளாக இருந்த கட்டணம். அனுப்புவதற்கு முன் இன்றைய விலையைப் பாருங்கள். பதில் வர மாதங்கள் ஆகும்.

8. செலவும் நேரமும்

இணையத்தில் இல்லாத படம் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கிலுள்ள தேசியக் காப்பகத்தின் படப்பிரிவில் பெட்டியில் இருக்கலாம். மூன்று வழிகள்.

நீங்களே போவது. விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் சேர்த்து லட்சங்களில் முடியும். படத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

அங்கே இருக்கும் சொந்தக்காரரைக் கேட்பது. வாஷிங்டன் பக்கம் மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் நம்மவர் நிறையவே இருக்கிறார்கள். ஆய்வாளர் அட்டை இலவசம், படம் ஒட்டிய அடையாள அட்டை ஒன்று போதும், ஓராண்டு செல்லும். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். வேலை நாட்களில் மட்டும் திறந்திருக்கும், ஆகவே அத்தை மகனுக்கு ஒரு நாள் விடுப்பு செலவாகும். பேனா, பை, உணவு உள்ளே கூடாது. கையுறை அங்கேயே தருவார்கள். ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் படமெடுக்கலாம், நல்ல பிரதி வேண்டுமானால் தட்டை ஸ்கேனர். அவரிடம் கதை சொல்லாதீர்கள். தொகுதி எண், பெட்டி எண், படத்தின் எண் என்று மூன்று வரியில் எழுதிக் கொடுங்கள். பெட்டி எண் வேண்டும் என்று படப்பிரிவுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பினால் சொல்வார்கள். அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

ஆள் வைப்பது. காப்பகத்தின் தளத்தில் தனி ஆய்வாளர்களின் பட்டியல் இருக்கிறது. மணிக்கணக்கில் கூலி. காப்பகம் அவர்களுக்குப் பொறுப்பேற்காது. எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்த அளவு ஸ்கேன், கிடைக்காவிட்டால் என்ன என்பதை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். "தேடினேன், இல்லை" என்றாலும் கூலி உண்டு, அதுதான் நியாயம். எந்தப் பெட்டிகளைப் பார்த்தார் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், அடுத்தவர் அதையே தேட வேண்டியிருக்காது.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புபவர்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முதலில் திறந்துவிடுங்கள். நாணய மாற்றுக்கு வங்கி தனியாக எடுப்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் அவர்களின் காலை ஒன்பது மணி கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை.

அக்டோபர் மாதத்தைத் தவிருங்கள். அமெரிக்க அரசின் நிதியாண்டு அப்போது தொடங்குகிறது. ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு முடங்கினால் வாசிப்பறைகளும் மூடிவிடும். 2025இல் ஆறு வாரம் அப்படிப் போயிற்று.

9. வெளியிடும் உரிமை

அமெரிக்க அரசு ஊழியர் பணியின் பகுதியாக எடுத்த படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. 342-எஃப்.எச். தொகுதியிலுள்ள குழுப் படங்கள் பெரும்பாலும் இந்த வகை. அனுமதிக் கடிதம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். அதே படத்தைத் தன் முத்திரை குத்தி உரிமக் கட்டணம் கேட்கும் பட நிறுவனங்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் காப்பகத்து அட்டவணையில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சிப்பாய் தன் சொந்தக் கேமராவில் எடுத்து வீட்டுக்கு அனுப்பிய படம் வேறு கதை. அதன் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். குரூப் தளங்களில் இருப்பவை பெரும்பாலும் இப்படி வந்தவை, எழுதிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள், கூடவே பின்பக்கத்து ஸ்கேனும் வரும். ஏலத் தளத்தில் அசல் படத்தை விலைக்கு வாங்குபவர்களுக்கு: நீங்கள் வாங்குவது காகிதத்தை, உரிமையை அல்ல. விற்பவர் "எனோலா கே குழு" என்று போட்டிருந்தால் வாலும் தொடர் எண்ணும் தெரியும் இன்னொரு படத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், மறு அச்சுகள் ஏராளமாகச் சுற்றுகின்றன.

படத்தின் கீழே எழுதும்போது உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். "9-வது குரூப், டினியன் நார்த் ஃபீல்டு, வால் குறியின்படி, பெயர்கள் குடும்பத்தினர் தந்தவை" என்ற மாதிரி. கணினிக் கோப்பின் பெயரில் காப்பகத்தின் எண்ணை முதலில் போட்டு, பின்பக்கத்து ஸ்கேனுக்கும் அதே எண்ணைக் கொடுங்கள்.